போர்முனைக்குப் போன வைத்தியர் – டாக்டர் அன்சாரி மர்ஹூம்

விருதுநகரிலிருந்து சிவகாசி செல்லும் சாலையில் உள்ளது ஆமத்தூர். சுற்றிலும் கரிசல் காடு. சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவே ஒன்றுக்கொன்று எட்டி நிற்கும் சின்னஞ்சிறு அறைகள். வெளியூரார் அவற்றைப் பட்டாசுத் தொழிற்சாலை என்பார்கள். நம் வட்டாரத்து மக்களுக்கு அது 'பயராபீஸ்'. ஓர் அறையில் பற்றிய தீ மறு அறைக்குத் தாவக் கூடாது என்பதற்காகவே அவற்றை இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஊரை விட்டு ஒதுங்கி இருக்க வேண்டும் என்பதும் விதிதான். இரண்டும் நல்ல விதிகள். ஆனால், அதே தூரந்தான் காயம்பட்டவருக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் வந்து நிற்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் லுஹர் தொழுது விட்டுப் பள்ளியிலிருந்து வெளியே வந்தோம். பக்கத்துக் காட்டிலிருந்து ஒரு பெண்ணை மினி வேனில் ஏற்றி வந்து, வேறு வண்டிக்கு மாற்றுவதற்காகச் சாலையோரத்தில் உட்கார வைத்திருந்தார்கள். இரு கைகளும் கழுத்தும் வெந்து போயிருந்தன. ஒருவர் இட்லி மாவைக் கொண்டு வந்தார், ஒருவர் பற்பசையை, இன்னொருவர் பேனா மையை. அந்நியப் பெண்ணாயிற்றே என்று ஆண்கள் தொடத் தயங்கினார்கள். பெண்களோ அழுதுகொண்டு நின்றார்கள். வீங்கிக் கொண்டிருந்த கையில் வளையல்கள் இறுகுவதை நாம் எல்லோரும் கண்ணால் பார்த்தோம். கழற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பத்தடித் தூரத்தில் பள்ளியின் ஹவுளும், உளூச் செய்யும் குழாய்களும் நிறையத் தண்ணீரோடு இருந்தன. அந்தத் தண்ணீரை ஊற்ற வேண்டும் என்பதும் தோன்றவில்லை. மதரஸாவில் ஓதிய காலத்தில், காயக்கட்டின் மீது மஸஹுச் செய்யும் சட்டத்தை வரி பிசகாமல் மனனம் செய்து ஒப்புவித்தவர்கள் நாம். அந்தக் கட்டைப் போடுவது எப்படி என்று மட்டும் நமக்குத் தெரியாது.

அல்லாஹ்வின் கிருபையால் அப்பெண் உயிர் பிழைத்தார். ஆனால், விரல்கள் மடங்கியது மடங்கியதாகவே நின்று விட்டன.

அன்று நம் உள்ளத்தில் தைத்தது இன்றும் தைத்துக் கொண்டிருக்கிறது. வைத்தியம் வேறு, காயம்பட்ட இடத்திலிருந்து வைத்தியர் வரை ஓர் உயிரைக் கொண்டு சேர்ப்பது வேறு என்பதை அதன் பிறகே உணர்ந்தோம். இந்த இரண்டாவது பணியை நம் நாட்டு முஸ்லிம்களில் எவரேனும் முறையாகச் செய்திருக்கிறார்களா என்று தேடிப் படித்த போது எதிர்ப்பட்டவர்கள்தாம் டாக்டர் முக்தார் அஹ்மத் அன்சாரி மர்ஹூம் அவர்கள். காங்கிரஸ் தலைவர், கிலாபத் தலைவர் என்றே அன்னாரை நாம் அறிந்து வைத்திருக்கிறோம். அரசியலுக்கு முன்பே அன்னார் செய்த ஒரு பெரும் கித்மத் உண்டு. அதை நம் வீடுகளில் அறிந்தவர்கள் குறைவு.

அன்சாரி அவர்கள் 1880-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள், இன்றைய உத்தரப் பிரதேசத்தின் காஜிப்பூர் மாவட்டத்தில் உள்ள யூசுப்பூரில் பிறந்தார்கள். வைத்தியம் அந்தக் குடும்பத்துக்குப் புதிதன்று. மூத்த சகோதரர் ஹகீம் அப்துல் வஹ்ஹாப் அவர்கள் யூனானி மருத்துவத்தில் பெயர் பெற்றவர்கள். கண் பார்வை இல்லாத காரணத்தால் 'ஹகீம் நாபீனா' என்றே மக்கள் அழைத்தார்கள். குடும்பம் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்ததும் தம்பி ஆங்கில மருத்துவம் படிக்க நம் சென்னைக்கு வந்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, பிறகு நிஜாம் அரசின் உதவித் தொகையில் இங்கிலாந்து சென்று, 1905-ல் எம்.டி., எம்.எஸ். பட்டங்களையும் பெற்றார்கள். லண்டனில் லாக் ஆஸ்பத்திரியிலும் சேரிங் கிராஸ் ஆஸ்பத்திரியிலும் அறுவை மருத்துவராகப் பணி புரிந்தார்கள். வெள்ளையர் நாட்டில் வெள்ளையருக்கே கத்தி பிடித்த இந்தியர்கள் அக்காலத்தில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! 1910-ல் தாயகம் திரும்பித் தில்லியில் மருத்துவமனை வைத்தார்கள். பணமும் புகழும் வீடு தேடி வந்தன.

இந்த நிலையில்தான் 1912 அக்டோபரில் பால்கன் போர் மூண்டது. மாண்டிநீக்ரோ, செர்பியா, பல்கேரியா, கிரீஸ் ஆகிய நான்கு நாடுகளும் உதுமானியப் பேரரசின் மீது படையெடுத்தன. ஒரே மாதத்தில் துருக்கியப் படை பின்வாங்கிப் பின்வாங்கி, இஸ்தான்புல்லுக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள சதல்ஜா அரண் வரிசை வரை வந்து விட்டது. அங்கே குண்டுகளை விடக் கொடிய பகைவன் ஒருவன் காத்திருந்தான். அவன் பெயர் காலரா. நல்ல தண்ணீர் இல்லை, கழிப்பிடம் இல்லை, ஆயிரக்கணக்கில் சிப்பாய்கள் மடிந்தார்கள். நோயாளிகளைக் கிடத்த இடம் போதாமல் தலைநகரின் பள்ளிவாசல்களைத் திறந்து விட்டார்கள். அயா சோபியாவிலும் காலரா நோயாளிகள் கிடந்தார்கள். ஊர் இழந்து, மாட்டு வண்டிகளில் குழந்தை குட்டிகளோடு வந்த முஹாஜிர்களின் கூட்டம் வேறு.

செய்தி எட்டியதும் இந்திய முஸ்லிம்களின் உள்ளம் கொதித்தது. கூட்டங்கள் போட்டார்கள், தீர்மானங்கள் போட்டார்கள், துஆச் செய்தார்கள். மௌலானா முஹம்மது அலீ அவர்கள் தம்முடைய 'காம்ரேட்' பத்திரிகையில் நிதிக்கு அறைகூவல் விட்டார்கள். நகையைக் கழற்றிக் கொடுத்த தாய்மார்களும் உண்டு. பணம் மட்டும் போனால் போதாது, கைகளும் போக வேண்டும் என்று கருதி, ஒரு மருத்துவக் குழுவை அனுப்ப முடிவாயிற்று. தலைமை தாங்க முன் வந்தவர்கள் டாக்டர் அன்சாரி அவர்கள். வளர்ந்து வந்த தொழிலை அப்படியே விட்டு விட்டு, 1912 டிசம்பரில் பம்பாயில் கப்பலேறினார்கள்.

குழுவில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்களில் டாக்டர்கள் ஒரு சிலர்தாம். மற்றவர்கள் காயத்துக்குக் கட்டுப் போடவும், நோயாளியைத் தூக்கவும், இரவில் விழித்திருந்து பேணவும் சென்ற இளைஞர்கள். அலிகார் கல்லூரியின் மாணவர்கள் அவர்களில் முக்கியமானவர்கள். சௌத்ரி கலீகுஸ்ஸமான் படிப்பை நிறுத்தி விட்டு வந்தார். பின்னாளில் கிழக்கு வங்காளத்தின் கவர்னராக இருந்தவர் இவர்தாம். பெஷாவரைச் சேர்ந்த அப்துர் ரஹ்மான் என்ற இளைஞர், வீட்டார் பணம் தராததால் தம்முடைய சாமான்களை விற்று வழிச் செலவுக்குத் தேடிக் கொண்டார். அவர் தாயகம் திரும்பவே இல்லை. துருக்கியிலேயே தங்கி, அந்நாட்டுப் படையில் சேர்ந்து, பின்னர் துருக்கியின் தூதராக ஆப்கானிஸ்தானுக்கும் சென்று, 1925-ல் இஸ்தான்புல்லில் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார். மற்றொருவரைத் தேடி வந்த குண்டு என்று சொல்வார்கள்.

வாசக நேயர்கள் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டுகிறோம். தில்லியில் பேர் பெற்ற அறுவை மருத்துவர் ஒருவர் போர்க்களம் போவது ஆச்சரியந்தான். ஆனால், அவர்கள் தம்மோடு மருத்துவர் அல்லாதவர்களைக் கூட்டிச் சென்றதே நமக்குப் பெரிய பாடமாகத் தெரிகிறது. போர்க்களச் சிகிச்சை ஒரு சங்கிலி. விழுந்தவனைத் தூக்குபவன் ஒரு கண்ணி. இரத்தத்தை நிறுத்தி, முறிந்த எலும்புக்குச் சட்டம் வைத்துக் கட்டுபவன் அடுத்த கண்ணி. கூடார ஆஸ்பத்திரி அதற்கு அடுத்தது. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி கடைசிக் கண்ணி. முதல் இரண்டும் அறுந்து போனால், கடைசியில் எவ்வளவு பெரிய டாக்டர் உட்கார்ந்திருந்தாலும் அவர் கைக்கு வந்து சேருவது மய்யித்துத்தான்.

அன்சாரி அவர்களின் குழு முதலில் ஓமர்லியிலும், பின்னர் தர்தனெல்ஸ் ஜலசந்திக் கரையில் உள்ள சனக்கலேயிலும் ஆஸ்பத்திரி நடத்தியது. குளிர் காலம். நம் நாட்டு இளைஞர்கள் அறிந்திராத பனி. 1913 பிப்ரவரியில் போர் நிறுத்தம் முறிந்து மறுபடியும் சண்டை மூண்டது. மார்ச் இறுதியில் எதிர்னா நகரம் வீழ்ந்தது. கல்லூரிப் புத்தகத்தை மூடி வைத்து விட்டு வந்தவர்கள், சீழும் இரத்தமும் நாற்றமுமாக வந்தவர்களைக் கழுவிக் கட்ட வேண்டியிருந்தது. அங்கு நடப்பவற்றை அன்சாரி அவர்கள் கடிதங்களாக எழுதி அனுப்ப, 'காம்ரேட்' அவற்றை வெளியிட்டு வந்தது. ஆறு மாதங்களுக்கு மேல் பணியாற்றி விட்டு 1913 ஜூலையில் குழு தாயகம் திரும்பியது. துருக்கி போரில் தோற்றது. அதைத் தடுக்க இந்தக் குழுவால் முடியவில்லை. அதற்காக அது போகவும் இல்லை.

இத்தகைய சேவை நம் மார்க்கத்துக்குப் புதிதன்று. ஹிஜ்ரி 5-ல் அகழ்ப் போரில் ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்களின் கை நரம்பில் அம்பு தைத்த போது, அவர்களைக் கொண்டு சேர்த்த இடம் ருஃபைதா (ரலி) என்னும் அஸ்லம் குலத்துப் பெண்மணியின் கூடாரம். காயம்பட்டோருக்கு மருந்திடுவதே அப்பெண்மணியின் பணி. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் போகும் போதும் வரும் போதும் அங்கே நின்று நலம் விசாரித்துச் செல்வார்கள். உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் ஏழு போர்களில் உடன் சென்று சமைத்தும் காயத்துக்கு மருந்திட்டும் பணி புரிந்தார்கள். உஹதில் பெருமானாரின் (ஸல்) திருமுகக் காயத்தை அலீ (ரலி) அவர்கள் தண்ணீர் ஊற்ற, ஃபாத்திமா (ரலி) அவர்கள் கழுவினார்கள், இரத்தம் நிற்கவில்லை என்று கண்டதும், கையில் கிடைத்த பாயை எரித்து அந்தச் சாம்பலை வைத்தார்கள், இரத்தம் நின்றது. இதைப் படித்து விட்டு எவரும் காயத்தில் சாம்பலை அப்ப வேண்டாம். இன்று நமக்குச் சுத்தமான துணி கிடைக்கிறது. முதலில் கழுவியது, பலன் இல்லை என்றதும் திகைத்து நிற்காமல் கைக்கு எட்டிய பொருளைக் கொண்டு அடுத்த வழியைத் தேடியது – அந்த ஒழுங்கைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம்முடைய 'இஹ்யா'வில் மருத்துவத்தைப் பர்ளு கிபாயாவில் சேர்த்திருக்கிறார்கள். ஓர் ஊரில் சிலராவது கற்றிருக்க வேண்டும். ஒருவருமே கற்கவில்லை என்றால் ஊரார் அனைவரும் குற்றவாளிகள். எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் ஒருவர்கூட இல்லாதிருக்க, எல்லோரும் ஃபிக்ஹு விவாதங்களிலேயே முண்டியடிக்கிறார்களே என்று அவர்கள் அங்கே வருந்துகிறார்கள். ஃபிக்ஹு ஓதியவர்களாகிய நமக்கு அந்த இடத்தைப் படிக்கையில் முகம் சிவக்கத்தான் செய்கிறது.

நம் கரிசல் காட்டுக்கு வருவோம். மலையேறுபவர்கள், காட்டில் வேலை செய்பவர்கள் ஆகியோருக்கென்று தனியான முதலுதவிப் பயிற்சி இன்று பல நாடுகளில் நடக்கிறது. இரண்டு நாட்களில் முடிகிற 16 மணி நேரப் பயிற்சியும் உண்டு. 70, 80 மணி நேரம் நீடிக்கும் பயிற்சியும் உண்டு. நகரத்து முதலுதவி என்பது ஆம்புலன்ஸ் வரும் சில நிமிடங்களுக்கானது. இதுவோ, உதவி வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும் என்று வைத்துக் கொண்டு கற்பிக்கப்படுவது. அதன் முதல் பாடம், ஓடாதே என்பதுதான். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பலர் அங்கே வேலை செய்தவர்கள் அல்லர். முதல் வெடிச் சத்தம் கேட்டுக் காப்பாற்றவும் பார்க்கவும் ஓடி வந்தவர்கள். நம் பக்கத்தில் வெடி உப்புக் கலவைக்கும் 'மருந்து' என்றுதான் பெயர். அந்த மருந்து இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று அறியாமல் உள்ளே நுழைபவர் ஒருவரைக் காப்பாற்றப் போய் இன்னொரு காயக்காரராகி விடுகிறார்.

தீக்காயத்துக்குச் செய்ய வேண்டியது மிக எளியது. உடலில் மருந்துத் தூள் படிந்திருந்தால் முதலில் உலர்ந்த துணியால் அதைத் தட்டி விட வேண்டும். பிறகு ஓடும் தண்ணீரை – ஐஸ் தண்ணீர் அன்று, சாதாரணக் குழாய்த் தண்ணீரை – காயத்தின் மீது 20 நிமிடம் விட வேண்டும். விபத்து நடந்து மூன்று மணி நேரம் வரைகூட அதனால் பலன் உண்டு. வீக்கம் ஏறுவதற்கு முன் வளையல், மோதிரம், கொலுசு, அரைஞாண் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். தோலோடு ஒட்டிப் போன துணியைப் பிடுங்கக் கூடாது. கொப்புளத்தை உடைக்கக் கூடாது. மாவு, மை, பற்பசை எதுவும் கூடாது. டாக்டர் அவற்றைச் சுரண்டி எடுக்க வேண்டி வரும். அந்த வேதனையை யார் அனுபவிப்பது? சுத்தமான துணியால் தளர்வாக மூடி, உடம்பு நிறைய வெந்திருந்தால் குளிர்ந்து போகாமல் மற்றப் பகுதிகளைப் போர்த்தி, 108-க்குச் சொல்லி விட்டுக் கூடவே இருக்க வேண்டும். மூச்சு எப்படி இருக்கிறது, நினைவு இருக்கிறதா என்று அடிக்கடி பார்த்து, எந்த நேரம் பார்த்தோம் என்பதையும் ஒரு தாளில் குறித்து வைத்து, ஆஸ்பத்திரியில் கொடுத்து விட வேண்டும்.

அந்நியப் பெண்ணைத் தொடலாமா என்ற தயக்கம் நம் ஆண்களுக்கு இருக்கிறது. உயிருக்கும் உறுப்புக்கும் ஆபத்து என்னும் நிர்ப்பந்த வேளையில், தேவையான அளவுக்குத் தொட்டு உதவுவதை நம் ஃபுகஹாக்கள் தடுக்கவில்லை. பெண்களே இதைக் கற்றிருந்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. பயராபீஸில் வேலை செய்பவர்களிலும் பெண்கள் ஏராளம் அல்லவா? காயக்கட்டோடு இருப்பவரின் தொழுகையைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். ஹனஃபி மத்ஹபில், கட்டின் மீது ஈரக் கையால் தடவினால் போதும். அதுவும் தீங்கு தரும் என்றால் அதையும் விட்டு விடலாம். கட்டுப் போடும் போது உளூவோடு இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. ஷாஃபிஈ மத்ஹபில் தயம்மும் முதலிய வேறு நிபந்தனைகள் உள்ளமையால் அச்சகோதரர்கள் தங்கள் உலமாக்களிடம் கேட்டுக் கொள்ளவும்.

இதெல்லாம் நாமாகவே கண்டுபிடித்தவை அல்ல. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே, 150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டி வீதம் வைத்து, பயிற்சிச் சான்று பெற்ற ஒருவர் பொறுப்பில் அதை விட வேண்டும் என்று விதித்திருந்தது. பெட்டிகள் சுவரில் தொங்குவதை நாம் பார்த்திருக்கிறோம். திறக்கத் தெரிந்தவரைத்தான் தேட வேண்டியிருந்தது. செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ், செஞ்சிலுவைச் சங்கம் போன்றவை இப்பயிற்சியை அளிக்கின்றன. ஒரு ஜமாஅத்திலிருந்து இரண்டு ஆண்களும் இரண்டு பெண்களும் போய்க் கற்று வந்தால் பள்ளியின் ஹவுளுத் தண்ணீர் அடுத்த முறை வீணாக நிற்காது.

அன்சாரி அவர்களின் பிற்கால வரலாறு ஊரறிந்தது. 1920-ல் ஜாமிஆ மில்லியா இஸ்லாமியா தோன்றிய போது அதன் மூலவர்களில் ஒருவராக நின்றார்கள். 1927 டிசம்பரில் காங்கிரஸ் மகாசபை சென்னையில் கூடியது. மருத்துவ மாணவராக நடந்து திரிந்த அதே ஊரில் அன்னார் தலைமை வகித்தார்கள். பூரண சுதந்திரமே குறிக்கோள் என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. அம்மாதத்திலேயே ஹகீம் அஜ்மல் கான் அவர்கள் வபாத்தாகி விட, ஜாமிஆவின் வேந்தர் பொறுப்பும் அன்னாரின் தோளில் ஏறியது. கடைசி வரை அதைச் சுமந்தார்கள்.

மருத்துவத்தில் அன்னார் தொட்டதெல்லாம் நிலைத்தது என்று நாம் எழுத மாட்டோம். முதுமையைத் தள்ளிப் போடுவதற்காக விலங்குகளின் சுரப்பிகளை மனித உடலில் ஒட்டும் முறை ஐரோப்பாவில் அப்போது பேர் பெற்றிருந்தது. அன்னார் அதில் பல ஆண்டுகள் ஈடுபட்டு நூலும் எழுதினார்கள். பின்னாளில் மருத்துவ உலகம் அம்முறையைக் கைவிட்டு விட்டது. பெரியவர்களின் வரலாற்றில் இத்தகைய பக்கத்தை மறைப்பது நமக்குச் சரியாகப் படவில்லை. ஓமர்லிக் கூடாரத்தில் கழுவிக் கட்டிய காயங்களுக்கோ எந்தப் புதிய கொள்கையும் தேவைப்படவில்லை. தண்ணீரும் துணியும் பழகிய கையும் போதுமாயிருந்தன.

1936 மே 10-ஆம் நாள். முசூரியிலிருந்து தில்லிக்கு இரயிலில் திரும்பிக் கொண்டிருந்த போது வழியிலேயே மாரடைப்பு ஏற்பட்டது. எத்தனையோ பேரை ஆஸ்பத்திரி வரை கொண்டு சேர்த்த அப்பெருமகனாரின் உயிர், ஆஸ்பத்திரி எதுவும் எட்டாத ஓடும் இரயிலிலேயே பிரிந்தது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். வயது 55. ஜனாஸாவைத் தில்லிக்குக் கொண்டு வந்து, முந்தின ஆண்டுதான் அடிக்கல் நாட்டப்பட்டிருந்த ஓக்லாவின் ஜாமிஆ நிலத்தில் நல்லடக்கம் செய்தார்கள். அந்த வளாகத்தில் உள்ள மருத்துவ நிலையத்துக்கு இன்று அன்னாரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.